படகில் ஏ.சி. உண்டா?

கோடை பிறந்துவிட்டால் எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கத்தார் பலர் செங்கோட்டை வழியாக ஆலப்புழைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கரிசல் வெயிலில் வெந்தவர்களுக்குக் காயலைக் கண்டாலே மனம் குளிரும். போகட்டும், நல்லதுதான். ஆனால் படகு பேசும்போது முதல் கேள்வியே "ஏ.சி. உண்டா?" என்பதுதான். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்தப் படகின் பெயர் கெட்டுவள்ளம். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. குட்டநாட்டு நெல்லைச் சுமந்த காலத்தில் மூங்கிலும் பாயும் வேய்ந்த கூரை வெயிலைத் தடுத்தது. திறந்த பக்கங்களில் காற்று ஓடியது. நம் ஊர்ப் பனையோலைக் கூரை செய்த வேலைதான். இன்று அதே கூரைக்கடியில் கண்ணாடி வைத்துக் காற்றை அடைத்துவிட்டு, ஏ.சி. மாட்டுகிறார்கள்.

ஏ.சி. வெப்பத்தை அழிப்பதில்லை, அறைக்குள் இருப்பதை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். மின்விசிறிக்கு 75 வாட் போதும். ஒன்றரை டன் ஏ.சி.க்கு ஏறக்குறைய 1500 வாட், அதாவது 20 விசிறிக்கான மின்சாரம். இதற்காக இரவெல்லாம் டீசல் ஜெனரேட்டர் ஓடுகிறது. மீனவர்கள் வலை போடுவதால் மாலை ஐந்தரைக்கெல்லாம் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். அந்தக் கரையில்தான் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். நமக்கு ஓர் இரவு. அவர்களுக்குச் சத்தமும் புகையும் அன்றாடம். நான் தங்கிய படகில், சமையற்காரர் ஜெனரேட்டருக்கு நாலடி தள்ளித்தான் பாய் விரித்திருந்தார்.

வழி இல்லாமல் இல்லை. மேல்நாட்டார் குடியிருக்கும் மோட்டார் படகுகள் பலவற்றில் ஏ.சி.யின் வெப்பத்தைக் கடல் நீரே வாங்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் அதே எந்திரம் திசை மாறி, நீரின் வெப்பத்தை இழுத்து அறையைச் சூடாக்கும். துறையில் கட்டியதும் கரை மின்சாரத்தில் செருகி, ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்திலேயே வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் 75 பேர் ஏறும் 'ஆதித்யா' படகு சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது.

என் கட்சி இதுதான்: முதலில் கூரையும் காற்றும், அடுத்து விசிறி. வயதானவர்கள், நோயாளிகள் இருந்தால் ஏ.சி. போடட்டும், ஆனால் அது கரை மின்சாரத்தில் ஓடட்டும். படகு கட்டும் துறைகளில் எல்லாம் அந்த இணைப்பைக் கொடுப்பது அரசின் வேலை. அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை. இனிப் படகு பேசும்போது, "ஏ.சி. உண்டா?" என்பதோடு, "ராத்திரி கரன்ட் எங்கேயிருந்து வருகிறது?" என்றும் கேளுங்கள். காசு கொடுக்கிறவர் கேட்டால்தான் படகுக்காரர் காதில் ஏறும்.