ட்யூப்லைட் பூச்சியின் பெயர்

மழைக்காலம். வயலை ஒட்டிய வீடு. ட்யூப்லைட்டைச் சுற்றிப் பூச்சிகள். கழுத்தில் ஏதோ ஊர்கிறது, தூக்கக் கலக்கத்தில் தேய்த்துவிடுகிறோம். ஓரிரு நாளில் அந்த இடம் கோடு இழுத்தாற்போல் சிவந்து, கொப்புளம் கட்டி எரிகிறது. வீட்டுப் பெரியவர்கள் பார்த்த மாத்திரத்தில் "அக்கி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பிறகு குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பத்து நாளில் ஆறியும்விடுகிறது. எழுதாவிட்டாலும் ஆறியிருக்கும்.

அக்கி வைரஸால் வருவது. இது வேறு சமாச்சாரம். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, ஆரஞ்சும் கறுப்புமாக எறும்பு ஜாடையில் இருக்கும் ஒரு வண்டின் வேலை. பூச்சியியல்காரர்கள் ரோவ் வண்டு என்று சொல்லும் குடும்பம். மேலிறக்கை அரைச்சட்டை மாதிரி பாதி முதுகோடு நின்றுவிடும், பறக்கும் இறக்கை அதற்குள் மடிந்து கிடக்கும். இது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. நசுக்கினால்தான் வம்பு. ரத்தத்தில் உள்ள பெடரின் என்ற நஞ்சு தோலைப் பொசுக்கிவிடும். 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியில் நூறு மாணவர்களுக்கு மேல் இப்படி அவதிப்பட்டார்கள்.

இதே குடும்பத்தில் பெடரஸ் ஃபுஸ்சிபெஸ் என்ற இனம் நம் நெல்வயல்களில் உண்டு. புகையானைத் தின்று விவசாயிக்கு உபகாரம் செய்வது. கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயர் 1826-ல் அதற்கு வைத்த பெயர் இது. 'பழுப்புக் கால்' என்று பொருள். இங்கிலாந்தில் இருப்பதும் நம் வயலில் இருப்பதும் ஒரே பூச்சி என்று தெரிந்ததால்தான், தோல் டாக்டரின் எதிரியும் வேளாண் அதிகாரியின் நண்பனும் ஒருவரே என்று கண்டுபிடிக்க முடிந்தது. பெடரினை வண்டு தயாரிப்பதில்லை, அதன் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியா தயாரிக்கிறது என்று 2002-ல் தெரிந்ததும் இந்த வழியில்தான். 'அக்கிப் பூச்சி' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தச் செய்திகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்காது.

இதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. மற்றவற்றுக்கு? உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட ரோவ் வண்டுகளே அறுபதாயிரத்துக்கு மேல். இந்தியாவில் உள்ளவற்றை முறையாகத் தொகுத்தவர் மால்கம் கேமரன் என்ற கப்பற்படை டாக்டர். அவருடைய தொகுதிகள் 1930-லிருந்து 1939 வரை வெளிவந்தன. இன்றும் இந்த வண்டை ஆராய்பவர் முதலில் புரட்டுவது அவற்றைத்தான்.

புதிய இனம் என்று சொல்வது, தினசரியில் படிக்கிற மாதிரி அத்தனை சுலபமில்லை. பூச்சியைப் பிடிப்பது ஒரு ராத்திரி வேலை. பிறகு மைக்ரோஸ்கோப்பின் கீழ் அடிவயிற்றைப் பிரித்து, ஆண் வண்டின் பிறப்புறுப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். வெளியே அச்சாக ஒரே மாதிரி இருக்கும் வண்டுகள் அங்கேதான் வேறுபடும். அடுத்து, முன்பு பெயர் வைத்தவர் எந்த வண்டைப் பார்த்து வைத்தாரோ அந்த மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும். கேமரன் சேகரிப்பு இருப்பது லண்டன் அருங்காட்சியகத்தில். நம் ஊர் வண்டு நம் ஊருக்குப் புதிதா என்று தெரிந்துகொள்ள லண்டனைக் கேட்க வேண்டியிருக்கிறது! இனிமேலாவது அப்படி நேராமலிருக்க, புது இனங்களின் மாதிரிகளை இந்தியாவிலேயே அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். வயிற்றைப் பிரித்துப் பார்க்கும் பொறுமையுள்ள ஆட்களைச் சட்டம் உண்டாக்காது. உயிரித் தொழில்நுட்பத்துக்கு உள்ள மவுசு வகைப்பாட்டுக்கு இல்லை என்பதை எந்த விலங்கியல் மாணவனும் சொல்வான்.

சித்தூர், திருப்பதிப் பக்கம் தேட இடமா இல்லை? 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமான சேஷாசலம் மலை இருக்கிறது. பெடோம் 1870-ல் பெயர் வைத்த பொன்னிறப் பல்லி வாழும் மலை. மதனபள்ளி அருகே ரிஷி பள்ளத்தாக்கின் பெயரால் ஒரு தரைப் பல்லியை ஈஷான் அகர்வால் புது இனமாக விவரித்தது 2016-ல்தான். பெயர்பெற்ற பள்ளிக்கூடம் இருக்கிற இடம் அது. பல்லிக்கே அவ்வளவு காலம் என்றால் அரை சென்டிமீட்டர் வண்டுக்கு?

புற்றுகளும் உண்டு. திருமலைத் தலபுராணத்தில் பெருமாளே புற்றில் இருந்தவர், பசு வந்து பால் சொரிந்தது. நாம் புற்றைக் கண்டால் பாம்பை நினைத்துப் பாலும் முட்டையும் வைக்கிறோம். உள்ளே கறையான்களோடு ஒட்டிக்கொண்டு வாழும் ரோவ் வண்டுகள் இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றுகிறது? எரிக் வாஸ்மன் என்ற ஏசுசபைப் பாதிரியார் ஐரோப்பாவில் உட்கார்ந்தபடியே, மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் பக்கமிருந்து வந்த கறையான் விருந்தாளி ஒன்றுக்கு 1899-ல் பெயர் வைத்தார். ஊசிமுனைத் தட்டு மாதிரி தட்டையான வண்டு. மனைக்கட்டுக்காகப் புற்றை இடித்தால் இப்படிப்பட்டவை கறையானோடு சேர்ந்து போகும். பெயர் இல்லாதது போனால் எந்தக் கணக்கிலும் குறையாது.

பிடித்த வண்டோடு ஒரு துண்டுக் காகிதமும் குத்தி வைப்பார்கள். இடம், தேதி, பிடித்தவர். அந்தச் சீட்டு இல்லாத வண்டுக்கு மதிப்பே இல்லை. சீட்டைப் படிக்கச் சரித்திரமும் தெரிய வேண்டும். சித்தூர் மாவட்டம் உருவானது 1911-ல். அதற்கு முந்தைய சீட்டில் 'வட ஆற்காடு' என்றிருந்தால் வேலூரில் தேடினால் போதாது, திருப்பதி மலையடிவாரத்திலும் தேட வேண்டும். 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று, மதனபள்ளி அன்னமய்ய மாவட்டத்துக்குப் போயிற்று. வண்டு என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.