கேட்டு எடுத்தால் பொய்யா?

"கேமராவைப் பார்த்து நிற்பவரின் படம் பொய், தெரியாமல் எடுத்ததே உண்மை" என்கிறார்கள் தெருப் புகைப்பட ஆர்வலர்கள். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கும் உப்பளங்களுக்கும் விடியலில் கேமராவோடு வருகிறவர்களுக்கு இது வேதவாக்கு. யாருடைய உண்மை?

தெரேஸ்புரத்தில் சங்கு குளித்துவிட்டு, கண் சிவந்து, மூச்சு வாங்கக் கரையேறுகிறவர் உங்களுக்குக் கலை. அவரிடம் கேட்டுப் பாருங்கள்: தலையைத் துவட்டி, சட்டை மாட்டி, சங்கைக் கையில் ஏந்தி நிமிர்ந்து நிற்பார். அது நடிப்பா? தன்னை எப்படி நினைவில் வைக்க வேண்டும் என்று அவரே எடுக்கும் முடிவு அது. களைப்பு மட்டும்தான் அவருடைய நிஜம் என்று தீர்மானிக்க நாம் யார்?

'இயல்பு' என்பதன் லட்சணமும் தெரிந்ததுதான். பாரிஸ் தெருவில் முத்தமிடும் ஜோடியை ராபர்ட் துவானோ 1950-இல் எடுத்த புகழ்பெற்ற படம், சொல்லிவைத்து எடுத்தது என்பது 1990-களில் வெளிவந்தது. நம்மூர்க் கல்யாணத்தில் 'கேண்டிட்'டுக்குத் தனிக் காசு வாங்குகிறவரும், "கேமராவைப் பாக்காதீங்கண்ணே, சும்மா சிரிச்சுக்கிட்டே நடங்க" என்றுதான் சொல்கிறார்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2018 மே 22 அன்று இதே ஊரில் நடந்த போராட்டத்தின்போது, சீருடையில்லாமல் வேன்மேல் ஏறித் துப்பாக்கியால் குறிபார்த்த காவலரை அனுமதி கேட்டுப் படமெடுக்க முடியாது, கேட்கவும் தேவையில்லை. அதிகாரத்தின் மீது திருப்பவேண்டிய கேமராவை உப்பு வாருகிற பெண்மீது ஒளிந்து நின்று திருப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

அடுத்தமுறை வரும்போது கேட்டு எடுங்கள். ஒரு பிரதியும் கொடுத்துவிட்டுப் போங்கள்.