வேதமும் ஆங்கிலமும்: ‘டெர்த்’



1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் அப்போஸ்தலர் 11:28-ஐ வாசித்தால் ‘டெர்த்’ என்னும் சொல்லைக் காண்பீர்கள். நம் தமிழ் வேதாகமத்தில் அது பஞ்சம். ‘டியர்’ என்பதற்கு அருமையானது என்பதோடு விலை மிகுந்தது என்றும் பொருள் உண்டு. அதிலிருந்தே இச்சொல் பிறந்தது. தானியம் அரிதானால் விலை ஏறுமல்லவா? நாம் ‘கிராக்கி’ என்பதுபோலத்தான்.

இக்காலத்தில் பஞ்சத்தை ‘ஃபாமின்’ என்றே சொல்வர். ‘டெர்த்’ பெரும்பாலும் ‘எ டெர்த் ஆஃப்’ என்று வந்து, குறைவுபடுவதைப் பின்னே ஏற்கும். “தெர் இஸ் எ டெர்த் ஆஃப் தமிழ் டீச்சர்ஸ் இன் திஸ் சிட்டி.” ஆசிரியர்கள் பலரைக் குறித்தாலும் ‘இஸ்’ என்றே எழுதுக. பலர் இடறும் இடம் இது. கையில் ஐந்து ரூபாய் குறைந்தால் இச்சொல் பொருந்தாது. “ஐ ஆம் ஃபைவ் ருபீஸ் ஷார்ட்” என்பதே இயல்பு.

அகபு முன்னறிவித்த அப்பஞ்சம் கிலவுதியு இராயனின் நாட்களில் (கி.பி. 41–54) உண்டாயிற்று. அது உலகமெங்கும் வரும் என்று கேட்டும், அந்தியோகியா சபையார் தங்கள் களஞ்சியத்தைப் பூட்டவில்லை. பர்னபா, சவுல் கையில் யூதேயாவுக்கு உதவி அனுப்பினார்கள். வாடகை வீட்டிலிருந்துகொண்டு, “எங்களுக்கே குறைவு” என்று நாம் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பெற்றோரே.

இம்மாதப் பயிற்சி: ஊரிலிருந்து புதிதாய் உங்கள் சபைக்கு வந்த குடும்பத்தாருக்கு எது குறைவென்று கேட்டறிந்து, ‘டெர்த்’ பொருந்துமா, ‘ஷார்ட்’ பொருந்துமா என்று பார்த்து வாக்கியம் எழுதுங்கள். அடுத்த மாதம் ‘வான்ட்’.