செருப்பு கடிக்கும் நாய்க்குட்டியும் துடைப்பம் எடுக்கும் வீடும்

காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம். வாசலில் ஒற்றைச் செருப்புதான் இருக்கிறது. இன்னொன்று சோபாவுக்கு அடியில், வார் அறுந்து, எச்சில் ஒழுகக் கிடக்கிறது. பக்கத்திலேயே நாலு மாத நாய்க்குட்டி வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். துடைப்பம் வரும், அடி விழும், "இந்தச் சனியனை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

பல வீடுகளில் அந்தக் குரல் கடைசியில் ஜெயித்தும் விடுகிறது. ஆசை ஆசையாக வாங்கிவந்த குட்டி ஐந்தாவது மாதத்தில் மீன் மார்க்கெட் பக்கமோ பைபாஸ் ரோட்டு ஓரமோ இறக்கிவிடப்படுகிறது. கழுத்தில் பெல்ட்டோடு தெருவில் முழித்துக்கொண்டு நிற்கும் குட்டிகள் எல்லாம் இப்படி வந்தவைதான். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் பெரும்பாலும் அடங்கியிருக்கும் பிரச்னை இது!

கணக்கு எளிது. குட்டிக்குப் பால்பற்கள் 28. மூன்றரை, நாலு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். மனிதக் குழந்தை ஆறு வயதில் தொடங்கிப் பல வருடங்களாகச் செய்யும் வேலையை நாய்க்குட்டி மூன்றே மாதத்தில் முடிக்கிறது. ஈறு எப்படி நமநமக்கும் என்று யோசித்தால் போதும். கைக்குழந்தைக்குப் பல் முளைக்கும்போது கடிக்க ரப்பர் வளையம் வாங்கித் தருகிறார்கள், தாத்தா பாட்டி வந்து கொஞ்சுகிறார்கள். அதே பல் நாய்க்கு முளைத்தால் துடைப்பம்.

"தப்பு செய்தது அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க, எப்படிப் பம்முது" என்பார்கள். 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைத்தான் சோதித்தார். தொடக்கூடாது என்று சொல்லிவைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை உரிமையாளர்களிடம் மாற்றி மாற்றிச் சொன்னார். ஒன்றுமே செய்யாத நாயும், திட்டு வாங்கியபோது அதே குற்றவாளி முகத்தைக் காட்டியது. அதாவது அந்த முகம் திட்டுகிறவரைப் பார்த்து வரும் பயம். காலையில் கடித்த செருப்புக்குச் சாயங்காலம் அடித்தால், ஆபீஸ் விட்டு வருகிறவரைக் கண்டு ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் குட்டி கற்கும் பாடம்.

உண்மையில் தப்பு குட்டியுடையது அல்ல, வீட்டுடையது. தரைக்கு ஒரு முழம் மேலே வரை இருப்பதெல்லாம் தன்னுடையது என்றுதான் குட்டி நினைக்கும். செருப்பை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்த முடியாதவர்கள் நாய்க்கு ஒழுக்கம் சொல்லித்தரக் கிளம்புவது வேடிக்கை. அதைவிட வேடிக்கை, "இது பழசுதானே, கடிச்சுட்டுப் போகட்டும்" என்று கிழிந்த செருப்பை விளையாடக் கொடுப்பது. பழைய செருப்புக்கும் போன வாரம் வாங்கிய செருப்புக்கும் வித்தியாசம் அதற்கு எப்படித் தெரியும்?

ஆள் இல்லாத நேரத்தில் குட்டிக்கு வீடு முழுவதையும் திறந்துவிடாமல், ஒரு மூலையைப் பலகை வைத்துத் தடுத்துக் கொடுத்தால் பாதிச் சேதம் நின்றுவிடும். மீதிப் பாதிக்கு, கடிக்க ஏதாவது வேண்டும். பழைய துண்டை முறுக்கி, நனைத்து, ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அந்தக் குளிர்ச்சி ஈறுக்கு இதம் (நூல் பிரிய ஆரம்பித்ததும் பிடுங்கிவிட வேண்டும், விழுங்கினால் குடலில் சிக்கும்). கெட்டி ரப்பர் பொம்மையும் நல்லது. நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது அமுங்க வேண்டும், கல் மாதிரி இருந்தால் பல் உடையும். செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடினால் துரத்தக்கூடாது, அது ஓடிப்பிடித்து விளையாட்டாகிவிடும். பொம்மையையோ ஒரு துண்டு தின்பண்டத்தையோ காட்டிப் பண்டமாற்று செய்தால் தானாகவே வாயைத் திறக்கும்.

மேஜைக் காலில் மிளகாய்த்தூள் தடவுவது, வாயைக் கயிற்றால் கட்டுவது எல்லாம் வைத்தியம் அல்ல, சித்திரவதை. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. மே மாத வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து.

செருப்பு போனால் போகட்டும், பயப்பட வேண்டியவை வேறு. பிளக்கில் செருகியபடி தொங்கும் சார்ஜர் வயர், பீரோவுக்கு அடியில் உருண்டு கிடக்கும் அந்துருண்டை, எலிமருந்து, மாங்கொட்டை, ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய கோழி எலும்பு. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

கையைக் கடிப்பது தனிக் கதை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் கூடப்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடித்தான் கற்கின்றன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதியே கொண்டுவந்தது. ஆனாலும் "முப்பது நாள் குட்டி சார்" என்று விற்பவரும் இருக்கிறார், வாங்குபவரும் இருக்கிறார். அப்படி வந்த குட்டி கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுவதுதான் வழி. பல் பட்டு ரத்தம் வந்தாலோ கீறினாலோ, பால்பல்தானே என்று இருந்துவிடக்கூடாது. குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி வழக்கமாக மூன்றாம் மாதத்தில்தான் போடுவார்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

நாயைப் பட்டினியில் தவிக்கும்படி தெருவில் விடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. கடிபட்ட செருப்பின் விலை அதைவிட அதிகம் :-)

எப்படியோ தாக்குப்பிடித்த வீடுகளில், ஒருநாள் பாயைப் பெருக்கும்போது அரிசி மாதிரி ஒரு பால்பல் கிடைக்கும். பெரும்பாலான பற்களைக் குட்டியே விழுங்கிவிடுவதால் எல்லாம் கண்ணில் படாது. பொம்மையில் லேசாக ரத்தக்கறை இருந்தாலும் பதற வேண்டாம். ஏழாவது மாதம் வாயைத் திறந்து ஒருமுறை பார்ப்பது நல்லது. புதுக் கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் பழையதும் விழாமல் நின்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பிடுங்கிவிட வேண்டும்.