சிரித்துப் பேசினால் கொள்கை போய்விடுமா?

எதிர்க்கட்சிக்காரனோடு சிரித்துப் பேசுகிறவனுக்குக் கொள்கையே கிடையாது என்ற நினைப்பு டீக்கடை முதல் குடும்ப வாட்ஸ்அப் குழு வரை பரவிக் கிடக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் சில உண்டு.

பகை இல்லாவிட்டால் உறுதி தளர்ந்துவிடுமாம். பெரியாரைவிட உறுதியானவர் யார்? 1938இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்த பெரியார் சிறைக்குப் போனார். ஆனாலும் 1949இல் தன் சொந்த விஷயம் ஒன்றில் யோசனை கேட்க அவர் திருவண்ணாமலைக்குத் தேடிப் போனது ராஜாஜியைத்தான். அந்த நட்பு, 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளித் திட்டம் கொண்டுவந்தபோது வெடித்த போராட்டத்தின் சூட்டைத் தணித்துவிடவில்லை. குலக்கல்வி என்று பெயர் சூட்டி, அது ஒழியும்வரை பெரியார் ஓயவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதில் தகனத்துக்கு வந்து அழுதார்.

பெரிய மனிதர்களுக்கு அது சரிப்படும், தொண்டனுக்குப் பகைதான் கட்சி உணர்வு என்பார்கள் அடுத்து. யார்மேல் பகை, எத்தனை நாளைக்கு? காங்கிரஸுக்குள்ளேயே ராஜாஜியும் காமராஜரும் எதிரெதிர் அணி. 1967இல் ராஜாஜி அண்ணாவோடு சேர்ந்து காமராஜரை எதிர்த்தார். 1971இல் காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார். 1997இல் தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொல்லி குஜ்ரால் அரசையே கவிழ்த்த காங்கிரஸ், 2004இல் அதே தி.மு.க.வோடு ஒரே மேடையில் நின்றது. தலைவர்கள் சால்வை மாற்றிக்கொண்ட அன்றும், அவர்களுக்காக முறைத்துக்கொண்ட பங்காளிகள் பேசாமலேதான் இருந்திருப்பார்கள்.

'அவன் போடும் ஓட்டு என் பிள்ளையின் உரிமையைப் பறிக்கிறதே?' என்ற கேள்வி மட்டும் கனமானது. வீடு கொளுத்தியவனோடு சமரசம் பேசச் சொல்லவில்லை. அவனுக்கு வழக்கும் சிறையும்தான். ஆனால் ஓட்டுப் போட்டவனையும் கொளுத்தியவனையும் ஒரே கூண்டில் ஏற்றினால், உரிமையை மீட்க ஆள் எங்கிருந்து வரும்? சட்டமன்றத்தில் தி.மு.க. 1957இல் 15 இடம், 1962இல் 50 இடம் பிடித்தது; 1967இல் ஆட்சி. இடையில் வானத்திலிருந்து புது வாக்காளர்கள் குதித்துவிடவில்லை. நேற்றுவரை காங்கிரஸுக்குக் குத்தியவர்களும் சேர்ந்து தந்த வெற்றி அது. அவர்களைத் துரோகிகள் என்று தள்ளிவைத்திருந்தால் அண்ணா கோட்டைக்குள் போயிருக்க முடியாது.

'அவர்கள்தான் முதலில் ஆரம்பித்தார்கள்' என்பது பள்ளிக்கூடத்துச் சண்டை. அதற்குப் பதில் தேவையில்லை.

போன தேர்தலில் நீங்கள் பேச்சை நிறுத்திய உறவுக்காரர் வீட்டில் விசேஷம் வந்தால் போய்வாருங்கள். ஓட்டுக் கேட்கவாவது போங்கள்.