யாருக்காகக் கொட்டு?

1966-ல் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் மாக்ஸ் ரோச் ‘டிரம்ஸ் அன்லிமிடெட்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அதில் ‘ஃபார் பிக் சிட்’ என்று ஒரு தனிக்கொட்டு. பாட்டு இல்லை, குழல் இல்லை. ஒரே ஆள், ஒரே டிரம்ஸ். 1951-ல் இறந்த மூத்த கலைஞர் சிட் கேட்லெட்டின் நினைவுக்குச் செய்தது. அடித்தவன் பேரும் இருக்கு, யாருக்காக அடித்தானோ அந்தப் பேரும் இருக்கு.

தென்காசி, குற்றாலம் பக்கத்துச் சேரிகளில் சாவுக்கொட்டு அறியாதவர் உண்டா? வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி, பிணம் எடுக்கையில் ஓர் அடி, பாடைக்கு முன்னால் நடக்கையில் ஓர் அடி, சுடுகாட்டில் ஓர் அடி. தலைமுறை தலைமுறையாகக் கட்டிய அடிகள். கட்டியவன் பேரைக் கேளுங்கள். இருக்காது. ‘கொட்டுக்காரன்’, அவ்வளவுதான்.

1739-ல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டிக் கலகம் செய்தார்கள். மறுவருஷமே சட்டம் போட்டு முரசைத் தடுத்தான் வெள்ளைக்காரன். இங்கே தலைகீழ். ஊரில் துட்டி விழுந்தால் கேதம் சொல்லப் போ, வந்து கொட்டு அடி என்றான் சாதி இந்து. அங்கே அடிக்காதே, இங்கே அடி. நம் கருவி யாருக்காக ஒலிக்கணும் என்பதை எவனோ முடிவு செய்வதுதான் இரண்டிலும் நடந்தது.

குற்றாலத்துச் சித்திர சபைக்குப் போய்ப் பாருங்கள். ஓவியமாக ஆடும் நடராசருக்கும் உடுக்கை உண்டு. அவரும் சுடுகாட்டில் ஆடுகிறவர்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். அவர் கையில் தோல் இருந்தால் சபை. நம்ம கையில் இருந்தால் தீட்டு!

ஆகவே, ‘இனி ஊர்த் துட்டிக்கு அடிக்க மாட்டோம்’ என்று குச்சியைக் கீழே போட்ட இளைஞர்கள் செய்தது விடுதலைச் செயல். அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. பறையை மேடையேற்றிய தோழர்கள் செய்ததும் பெரிய காரியம். 2025-ல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் மறுப்புக்கும் மேடைக்கும் நடுவே ஒரு இடம் காலியாகக் கிடக்கு. நம்ம செத்தவர்களுக்கு யார் அடிப்பது?

1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் பேரணி போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். தென்காசி அப்போது அதே நெல்லை மாவட்டம். 2019-ல்தான் தனி மாவட்டமானது. வருஷாவருஷம் ஆற்றில் பூப் போடுகிறோம். அந்த 17 பேருக்கென்று ஒரு தனிக்கொட்டு கட்டணும் என்கிறேன் நான். கட்டிய ஆசான் பேரோடு, செத்தவர் பேரோடு.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்க் கொட்டுக்காரத் தாத்தாக்களிடம் போங்கள். அடிகளைப் பதிவு செய்யுங்கள். எந்த அடி யாரிடம் கற்றது, யார் சாவுக்கு முதலில் அடித்தது என்று கேட்டு எழுதுங்கள். உரிய கூலியைக் கொடுங்கள், ஓசியில் கேட்காதீர்கள்.

கடைசியாக, கசப்பான ஒன்று. ‘அருந்ததியர் அடிக்கட்டும், நாம் பின்னால் நடப்போம்’ என்று நமக்குள்ளேயே சிலர் நினைக்கிறார்கள். அதுக்குப் பேரும் சாதிதான். நம்ம சாவுக்கு, எந்த வீட்டுப் பிள்ளையானாலும், ஆணோ பெண்ணோ, குச்சியைக் கையில் பிடிக்கணும். பழகுங்கள்.