மாத்திரைப் புட்டியும் கீரைக்கட்டும்

சங்கப் பண்டகசாலையில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' மாத்திரைப் புட்டிகளை வாங்கி வைத்து, நீரிழிவுள்ள அங்கத்தினர்களுக்குத் தவணையில் கொடுக்க வேண்டுமென்று சிலர் கோருகின்றனர். நல்லெண்ணத்தில் எழுந்த கோரிக்கையே. ஆயினும் நாம் அதனை ஆதரிப்பதற்கில்லை.

இந்நோய் நெசவாளரின் கண்ணையும் காலையும் குறிவைக்கிறது. கண்ணின் உட்திரையிலுள்ள நுண்குழாய்கள் கெட்டால், அறுந்த இழையைக் கண்டு பிணைக்க இயலாது. கால் நரம்பு மரத்துவிட்டால், தறிமிதியில் உராய்ந்த புண் உறைக்காது. உறைக்காத புண்ணே இறுதியில் காலை வாங்குகிறது. வயலில் முள் தைத்த விவசாயிக்கும் இதே கதிதான். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, பிராணவாயுவிலிருந்து பிறக்கும் தீய கூறுகள் உயிரணுக்களில் பெருகி இக்குழாய்களைச் சிதைப்பதில் பங்கு கொள்கின்றன என்கின்றது விஞ்ஞானம். அவற்றை அடக்கும் பொருளை மாத்திரையாக விழுங்கினால் தீர்ந்ததன்றோ? ஆராய்ச்சியாளரும் அவ்வாறே எண்ணினர். 'ஹோப்' என்னும் ஆய்வில், நீரிழிவுக்காரர் பலர் உள்ளிட்ட 9,000-க்கு மேற்பட்டோரில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ கொடுத்தனர். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை என்று 2000-இல் முடிவு வெளியாயிற்று. 2005-இல் வந்த தொடர் அறிக்கையில், மாத்திரை உண்டோரிடையே இதயத் தளர்ச்சி சற்று மிகுந்தே காணப்பட்டது! மாறாக, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தோருக்கு நுண்குழாய்ச் சிக்கல்கள் கால்பங்கு குறைந்ததை 1998-இல் வெளியான பிரிட்டன் நாட்டுப் பேராய்வு காட்டிற்று.

ஆகவே புட்டிக்குச் செலவிடும் பணத்தை வேறு வழியில் திருப்புவோம். நம் விவசாய அங்கத்தினர் வேலியில் முருங்கைக்கீரை பறிப்பாரின்றி முற்றி உதிர்கிறது. நெசவாளர் தெருவிலோ வெள்ளைச் சோறும் குழம்புமே மூன்று வேளையும். (இடையிடையே சர்க்கரைத் தேநீர் எத்தனை குவளை என்பதை நாம் கேட்கப்போவதில்லை.) கீரையிலும் காயிலும் அதே சத்துக்கள் உள்ளன, கூடவே நாரும் உண்டு. சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினால் உணவுக்குப்பின் சர்க்கரை ஏறும் வேகம் தணியும். கீரை மருந்துக்கு மாற்றன்று. வைத்தியர் தந்ததை நிறுத்தலாகாது. சிறுநீரகம் பழுதுற்றோர் கீரையின் அளவையும் அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

காலையில் பறித்த கீரையைச் சங்க வண்டியிலேயே தறித்தெருவுக்குக் கொண்டு சேர்க்கவும், ஆண்டுக்கொரு முறை அங்கத்தினரின் கண்ணையும் பாதத்தையும் சோதிக்கவும் ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். மாற்றுக் கருத்துடையோர் எழுதுக, வெளியிடுவோம்.